அப்பத்தாவின் கையளவை எழுத்தில் பிடிப்பது எப்படி?

செட்டிநாட்டு வீட்டுச் சமையலை எழுத வருபவர்களும் வீடியோ எடுக்க வருபவர்களும் முதலில் கேட்பது "என்னென்ன போடணும்?" என்றுதான். "எல்லாம் திட்டமாப் போடணும்" என்று பதில் வரும். அதை வைத்து நோட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது. "எதுல அளப்பீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பாத்திரம் கைக்கு வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

எட்டு ஆழாக்கு ஒரு படி, ஓர் ஆழாக்கு சுமார் 168 மி.லி. என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டில் 'ஆழாக்கு' என்று புழங்குவது பழைய பித்தளை டம்ளராகவோ ஏதோ ஒரு டின்னாகவோ இருக்கும். தராசில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மி.லி. பிறகு துடைத்துவிட்டு அரிசியை நிரப்பி நிறுங்கள். இரண்டையும் குறியுங்கள். பாத்திரத்தின் வாய் அகலத்தையும் அளந்து வையுங்கள். அது ஏன் என்பதற்குச் செட்டிநாட்டுப் பலகாரமான வெள்ளைப் பணியாரமே சாட்சி.

பச்சரிசியை டம்ளரில் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்குமட்டும் உளுந்தை வைப்பதுதான் இதற்கு வழிவழியாக வந்த அளவு. 240 மி.லி. டம்ளரென்றால் அரிசி சுமார் 200 கிராம், கோபுரம் 25 முதல் 30 கிராம். ஆனால் கோபுரம் வாயைப் பொறுத்தது. 7 செ.மீ. வாயில் நிற்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு 9 செ.மீ. வாயில் நிற்கும். ஒரே குறிப்பு இரண்டு வீட்டில் இரண்டு விதமாக வருவதற்குக் கைராசியைக் காரணம் சொல்வார்கள்; பல நேரம் டம்ளர்தான் காரணம். உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் ஆறியதும் விறைக்கும்.

இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, புளிக்குமுன் சுட்டுவிட வேண்டும். புளித்த மாவில் சுட்டால் பணியாரம் சிவந்துவிடும். மாவு தோசைப் பதத்தைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். கெட்டியானால் உருண்டையாக நிற்கும், நீர்த்தால் ஓரம் பிய்யும். மிதமான தீயில், காய்ந்த எண்ணெயில் ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டி மாவு ஊற்றுங்கள். மேலெழும்பியதும் திருப்பி, நிறம் மாறுமுன் எடுங்கள்.

"பதம் வந்துருச்சு" என்று அப்பத்தா சொல்லும்போது கேமராவை முகத்திலிருந்து சட்டிக்குத் திருப்புங்கள். எதைப் பார்த்துச் சொன்னார்? நுரை அடங்கியதையா, சத்தம் குறைந்ததையா? அப்போதே கேளுங்கள். மறுநாள் கேட்டால் "பழக்கந்தான்" என்பார்.

அடுப்படியோடு நிறுத்திவிடாதீர்கள். மிளகாயும் வற்றலும் வளவு முற்றத்து (வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்து) வெயிலில் காய்ந்தவை. எத்தனை நாள், எந்த மாதத்து வெயில் என்று எழுதுங்கள். சென்னையில் அடுக்குமாடி பால்கனியில் அதே கணக்கை நம்பினால் பூஞ்சை பிடிக்கும். கவுனி அரிசி என்ற கறுப்பரிசியைப் பற்றி எழுதினால் அது வந்த பர்மா வரும், அங்கே கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் வருவார்கள். இரவெல்லாம் ஊறாவிட்டால் அது வேகாது என்பதும் வர வேண்டும்.

ஆத்தா, அப்பச்சி, ஆயா, அப்பத்தா என்ற சொற்களை 'அம்மா', 'அப்பா', 'பாட்டி' என்று மாற்றாதீர்கள். ஆயா வீடு அம்மாவைப் பெற்றவள் வீடு, அப்பத்தா வீடு அப்பச்சியைப் பெற்றவள் வீடு. இரண்டு அடுப்படிக்கும் குழம்பு ஒன்றாக இருக்காது. இரண்டையும் கலந்து 'செட்டிநாட்டுக் குழம்பு' என்று பெயர் வைத்தால் எந்த வீட்டுக் குழம்பும் மிஞ்சாது.

பெட்டியில் கிடக்கும் சீர்ச் சாமான் பட்டியல், மொய் நோட்டு, விசேஷத்துக்கு வாங்கிய பலசரக்குச் சீட்டு எல்லாமே சமையல் குறிப்புதான். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவற்றில் புத்தகங்களோடு நோட்டீசுகளும் அழைப்பிதழ்களும் உண்டு. இன்று சென்னையில் அவர் பெயரில் நிற்கும் ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது. உங்கள் வீட்டுத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பழுத்து எழுத்தை மறைக்கும். லேமினேட்டும் வேண்டாம்.

எழுதி முடித்ததும், அந்த வீட்டில் சாப்பிட்டே இராத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டும்.