லோரா டிரான்ஸ்மிட்டர் சட்ட வரம்புக்குள் இருக்கிறதா? பொட்டலில் அளந்து பார்க்கும் முறை

கண்மாய் நீர்மட்டத்துக்கோ தோட்டத்து மோட்டாருக்கோ லோரா (குறைந்த திறனில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) டிரான்ஸ்மிட்டர் பொருத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசையை. 865–867 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவின் 2005 விதி அனுமதித்தது. 2021இல் அது 868 வரை நீண்டது. உச்ச வரம்புகள்: டிரான்ஸ்மிட்டர் திறன் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து வெளியேறும் திறன் (இஆர்பி) 4 வாட், அலை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். மூன்றில் எது மீறினாலும் தவறுதான். ஆன்லைனில் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் போர்டு அமெரிக்காவுக்கானது. ஐரோப்பிய அமைப்பில் வரும் 868.1, 868.3, 868.5 சேனல்களும் இங்கே எல்லைக்கு வெளியே. இவற்றை எவ்வளவு குறைந்த திறனிலும் ஓட்டக்கூடாது.

வீட்டு வளவில் அளக்காதீர்கள். இரும்புத் தூணும் முற்றத்துக் கம்பி வலையும் தகரமும் அலையைத் திருப்பியடிக்கும். ஒரு சாண் நகர்ந்தாலே எண் தாவும். கம்பிவேலி, மின்கம்பம், கார் எதுவும் அருகில் இல்லாத செம்மண் பொட்டலோ வற்றிய கண்மாயோ நல்லது.

தேவையானவை: டைனிஎஸ்ஏ அல்ட்ரா போன்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில் எவ்வளவு திறன் என்று காட்டும் கருவி), ஒரு கைக்கு 8.2 செ.மீ. வெட்டிய டைபோல் (இரு கை) ஆன்டெனா, இழப்பு தெரிந்த கேபிள், 10 டிபி (டெசிபல்) அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு), மரக்கம்பு.

டிரான்ஸ்மிட்டர் கருவியை 80 செ.மீ. உயர மர ஸ்டூலில் வைத்து, பேட்டரியில், விடாமல் அனுப்பும் நிலையில் ஓட்டுங்கள். டைபோல் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அனலைசரில் ஆர்பிடபிள்யூ (ஒரே நேரத்தில் பார்க்கும் அலை அகலம்) 300 கிலோஹெர்ட்ஸ், மேக்ஸ் ஹோல்ட் (பெரிய எண்ணைப் பிடித்து வைக்கும் நிலை). பலர் தவறுவது இங்கேதான்: 125 கிலோஹெர்ட்ஸ் அகல லோராவை 10 கிலோஹெர்ட்ஸில் பார்த்தால் குறைத்துக் காட்டக்கூடும், மீறிய கருவியும் தேறிவிடலாம். கருவியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். டைபோலை 1 முதல் 4 மீட்டர் வரை ஏற்றி இறக்குங்கள், நிமிர்த்தியும் படுக்க வைத்தும். கிடைப்பதில் பெரிய எண்ணே கணக்குக்கு. தரையில் பட்டுத் திரும்பும் அலை கிட்டத்தட்ட 6 டிபி வரை கூட்டவோ, பெரிதும் குறைக்கவோ செய்யும் என்பதால்தான் இந்தச் சிரமம்.

869 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே செல்போன் கோபுரங்கள் ஒலிபரப்புவதால் அனலைசர் திணறக்கூடும். அட்டெனுவேட்டரை மாட்டிப் பாருங்கள். எண் சரியாக 10 குறைந்தால் அளவீடு நம்பத்தக்கது. வேறு எவ்வளவு மாறினாலும் அனலைசர் நிரம்பி வழிகிறது என்று பொருள்; அப்போது அட்டெனுவேட்டரோடே அளந்து 10ஐக் கூட்டுங்கள்.

இனி கணக்கு. அனலைசர் −22 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) காட்டினால், மைக்ரோவோல்ட் கணக்குக்கு மாற்ற 107 கூட்ட 85. டைபோலின் ஆன்டெனா காரணி (மின்னழுத்தத்தை அலைப் புலத்தின் வலிமையாக மாற்றும் எண்) 26.8, கேபிள் இழப்பு 1.5 சேர்த்தால் மீட்டருக்கு 113.3 டிபி மைக்ரோவோல்ட். இதைத் திறனாக்க 3 மீட்டருக்கான 95.2 கழிக்க 18.1 டிபிஎம், அதில் டைபோலின் ஆதாயமான 2.15 கழித்தால் இஆர்பி சுமார் 16 டிபிஎம், அதாவது 40 மில்லிவாட். வரம்பு 36 டிபிஎம் (4 வாட்). 30ஐத் தாண்டினால் திறனைக் குறையுங்கள், ஏனெனில் பொட்டல் அளவீட்டில் சில டிபி பிழை எப்போதும் உண்டு.

1732 மெகாஹெர்ட்ஸில் இரண்டாம் ஹார்மோனிக்கையும் (866இன் இரட்டிப்பில் வரும் தேவையற்ற அலை) பாருங்கள்; அது எழும்பி நின்றால் லோபாஸ் ஃபில்டர் (மேல் அலைகளைத் தடுக்கும் வடிகட்டி) வேண்டும். விற்பனைக்கான கருவிக்கு இந்த எண்கள் போதாது, டபிள்யூபிசியின் (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) இடிஏ எனும் கருவி ஒப்புதல் சான்றிதழ் தனியாகப் பெற வேண்டும்.