எந்த கேம் நல்லம்னு கேக்குறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க

புதுசா போன் வாங்குற தம்பி தங்கச்சிமார் மொதல்ல கேக்குறது "அண்ணே எந்த கேம் நல்லம்"ன்னு தான். காசு குடுத்து ரீலோட் போட்டு, லயத்துல சிக்னல் வர்ற மூலையா தேடி ஒக்காந்து டவுன்லோட் பண்ணி, ரெண்டே நாள்ல புடிக்கலன்னு அழிக்கிறத பாக்குறப்ப மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ஸ்டெப் 1: போன கீழ வச்சிட்டு, வெளையாடுறப்ப நீங்க ரொம்ப சந்தோஷப்பட்ட மூணு நேரத்த கொப்பியில எழுதுங்க. கெரம், 304, கிரவுண்ட் கிரிக்கெட் எதுன்னாலும் சரி. "ஜெயிச்சேன்"ன்னு மட்டும் எழுதி விட்றாதீங்க, ஜெயிச்சதுல என்ன புடிச்சிச்சின்னு எழுதுங்க, ஸ்கோரா, எதிராளி மொகம் போன போக்கா, கூட்டாளிமாரோட போட்ட சத்தமா?

ஸ்டெப் 2: ரிச்சர்ட் பார்ட்டில்னு ஒருத்தர், 1978ல இங்கிலாந்துல தொடங்குன மட்ங்கிற எழுத்தாலயே ஓடுற கேம செஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர், 1996ல ஆட்டக்காரங்கள சீட்டு மாதிரி நாலா பிரிச்சாரு. டைமண்ட்னா புதையல் சேக்குறவங்க, ஸ்பேட்னா மண்வெட்டி, தோண்டித் தேடுறவங்க, ஆட்டின்னா மனுஷங்களோட பழக வர்றவங்க, கிளாவருக்கு இங்கிலீஷ்ல கிளப், நம்ம பொல்லு தான், அடுத்தவன அடிக்க வர்றவங்க.

எங்க வீட்டுல மைன்கிராஃப்ட்ங்கிற, தோண்டி கட்டி வெளையாடுற கேம் ஒண்ணுலயே இது தெரியும். தம்பி வைரம் எத்தனன்னு எண்ணிக்கிட்டே இருப்பான், நான் குகைக்குள்ள போனா டோர்ச் தீர்ற வரைக்கும் வெளிய வரமாட்டேன், தங்கச்சி எல்லாருக்கும் சேத்து வீடு கட்டி வாசல்ல பூ நடுவா, பக்கத்து வீட்டு பையன் வந்து அதுல டிஎன்டி வெடி வைப்பான். அவன் கெட்டவன் இல்லங்க, அவனோட ருசி அது, ஃப்ரீ ஃபயர்ங்கிற சுடுற கேம போட்டுக் குடுத்ததும் எங்க வீடு தப்பிச்சிச்சி.

ஸ்டெப் 3: கொப்பியில எழுதுன ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது எந்த சீட்டுன்னு போடுங்க, எந்த சீட்டு கூடுதலா வருதோ அதுக்கேத்த ஒரே ஒரு கேம எடுங்க. கலந்து தான் வரும், பயப்படாதீங்க. அடிதடி புடிச்சவங்களுக்கு ஃப்ரீ ஃபயர் சரி, ஒரு ரவுண்டு பத்து நிமிஷம் மாதிரி தான், ஆனா மழையில சிக்னல் விழுந்தா ஆளும் விழுந்துரும். தேடுறவங்க, சேக்குறவங்க ஸ்டார்டியூ வேலிங்கிற தோட்டம் செய்யுற கேம பாருங்க, காசு குடுத்து வாங்கணும், ஆனா டேட்டா இல்லாமலே ஓடும்.

ஸ்டெப் 4: ஒரு மாசம் கழிச்சு திரும்ப எழுதிப் பாருங்க. பூ நட்ட தங்கச்சி இப்ப ஸ்டார்டியூல மீன் மட்டும் தான் புடிக்கிறா, எந்த மழைக்கு எந்த மீன் வரும்னு கொப்பியில ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கா.