கஷ்டத்தில் இருக்கும்போது பிறருக்காக ஜெபிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நாம் கஷ்டத்தில் இருப்பது சபையில் தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதையிலிருந்து யோபு 42:10-ஐ எடுத்து நீட்டிவிடுவார். "யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது, கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார்." முன்பு இருந்ததைவிட இரட்டிப்பாகக் கொடுத்தார் என்றும் அதே வசனம் சொல்கிறது. வசனம் சரிதான். ஆனால் அதை 'அடுத்தவருக்காக ஜெபி, உன் கடன் அடையும்' என்று சீட்டு கட்டுகிற கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. இரண்டு வசனம் முன்னால் போய்ப் படியுங்கள். அங்கே கர்த்தர் பேசுவது யோபுவின் சிநேகிதர்களில் ஒருவரான எலிப்பாசிடம், யோபுவிடம் 'இரட்டிப்பாகத் தருவேன்' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தச் சிநேகிதர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, 'நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்' என்று அத்தியாயம் அத்தியாயமாக அவரைக் குத்தியவர்கள். அவர்களுக்காகத்தான் யோபு ஜெபித்தார், பலன் வரும் என்று தெரியாமலே.

அடுத்தது, சந்தோஷமாக ஜெபிப்பதென்றால் அழக்கூடாது என்று நினைப்பது. அப்போஸ்தலன் பவுல் சிறையில் கட்டுண்டிருந்தபோதுதான் பிலிப்பி ஊர் சபையாருக்கு, அதாவது பிலிப்பியருக்கு, நிருபம் எழுதினார், முதல் அதிகாரத்திலேயே அவர்களுக்காகச் சந்தோஷத்தோடே விண்ணப்பம் பண்ணுவதாகச் சொல்கிறார். அதே ஆள் அடுத்த அதிகாரத்தில், அவர்கள் தனக்கு உதவியாக அனுப்பிய எப்பாப்பிரோதீத்து வியாதியில் செத்துப்போயிருந்தால் தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' உண்டாகியிருக்கும் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருந்தது.

அப்புறம் அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது? பிலிப்பியர் 1:5-ல் இருக்கிறது. முதல் நாளிலிருந்து சுவிசேஷ வேலையில் தன்னோடு பங்கெடுத்த முகங்களை நினைத்து முதலில் ஸ்தோத்திரம் பண்ணுகிறார், கேட்பதெல்லாம் பிறகுதான். நாமோ ஆளை விட்டுவிட்டுப் பிரச்சினைக்காக ஜெபிக்கிறோம். சித்தி 'டயாலிசிஸ்' ஆகிவிடுகிறார், பக்கத்து வீட்டுத் தம்பி 'விசா' ஆகிவிடுகிறான். அப்படி ஜெபித்தால் நம் பாரத்தோடு இன்னொரு பாரமும் சேரும், அவ்வளவுதான். சித்தி வைக்கிற மீன் குழம்பை நினைத்து ஒரு நன்றி சொல்லிவிட்டு ஆரம்பித்துப் பாருங்கள், எனக்கு அதில்தான் மனசு லேசானது.

ஜெபக்குறிப்பு என்ற பேரில் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த வீட்டுச் சண்டையை விவரமாகப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது வம்பு.

கடைசியாக, நமக்காக யாரையும் ஜெபிக்கக் கேட்காமல் எல்லாருக்காகவும் நாமே ஜெபித்துக்கொண்டிருப்பது. பவுலே பிலிப்பியரின் வேண்டுதலை நம்பித்தான் இருந்தார், 1:19-ல் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். வாயில் வார்த்தையே வராத நாளில் சபையில் ஒரு அக்காவுக்குப் போன் போட்டு, 'இன்றைக்கு என்னால் முடியவில்லை, நீங்கள் ஜெபியுங்கள்' என்று சொல்லிவிடலாம்.