பென்சில் பேட்டரி கேமரா: படம் எடுப்பதும், மக்கர் செய்தால் சரிபார்ப்பதும்

பீரோவில் கிடந்த கேமராவோ செகண்ட் ஹேண்டில் வாங்கியதோ, ஆன் ஆகவில்லை என்றதும் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கேனான் பவர்ஷாட் ஏ வரிசை, நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசை மாதிரி இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் கேமராக்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியையும் மெமரி கார்டையும்தான்.

படி 1: பேட்டரி

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு விலை பேட்டரியைப் போட்டால் லென்ஸ் பாதி வெளியே வந்து அப்படியே அணைந்துவிடும். லென்ஸ் மோட்டாரும் ஃபிளாஷும் ஒரே நொடியில் நிறைய கரண்ட் இழுக்கும். அந்த வகை பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சரிந்துவிடும். அல்கலைன் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் தீரும். 2000 எம்ஏஹெச் அளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் ஒரு ஜோடி வாங்குவதே உத்தமம். அதில் 1.2 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். கேமராவுக்கு அது போதும்.

புதுசு ஒன்று, பழசு ஒன்று என்று கலந்து போடாதீர்கள். மெனுவில் பேட்டரி வகை கேட்கும் மாடல் என்றால் நீங்கள் போட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். அல்கலைன் என்று விட்டுவிட்டு ரீசார்ஜபிள் போட்டால், சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. காது குடையும் பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டு, உள்ளே வழியாமல் துடையுங்கள். பிறகு தண்ணீரில் லேசாக நனைத்த பட்ஸ், கடைசியாக உலர்ந்த பட்ஸ். நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரி போடவும். பொடி கையில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

ஆன் ஆனதும் தேதி கேட்கும். பல மாதம் பேட்டரி இல்லாமல் கிடந்தால் உள்ளிருக்கும் கடிகாரம் நின்றுபோகும், அவ்வளவுதான். தேதியை வைத்துவிட்டு மேலே போகலாம்.

படி 2: மெமரி கார்டு

இன்றைக்குக் கடையில் எளிதாகக் கிடைக்கும் 64 ஜிபி கார்டைப் பழைய கேமரா பெரும்பாலும் ஏற்காது. 4 முதல் 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஹெச்சி கார்டு 2006-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜிபி எஸ்டி கார்டு தேடுங்கள். 10 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 3 எம்பி என்று வைத்தால் அதிலேயே 600 படம் வரை பிடிக்கும்.

கார்டு லாக் ஆகியிருப்பதாக வந்தால் கார்டின் பக்கவாட்டில் உள்ள குட்டிப் பட்டையை மேலே, அதாவது தங்க நிறக் கோடுகள் இருக்கும் பக்கம், தள்ளுங்கள். கார்டு எர்ரர் வந்தால் கார்டு ரீடரில் போட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு கேமராவிலேயே ஃபார்மேட் செய்யவும். தெரியாமல் அழித்துவிட்டால் அதன்பின் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் பல படங்கள் திரும்பக் கிடைக்கும்.

படி 3: பாதி அழுத்தம்

படம் மங்கலாக வருகிறது என்பவர்களில் பலர் ஷட்டர் பட்டனை ஒரே அமுக்காக அமுக்குகிறவர்கள். பட்டனில் இரண்டு நிலை உண்டு. முதலில் லேசாக, ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும் வரை அழுத்தி நிறுத்துங்கள். லென்ஸ் நகரும், பெரும்பாலான மாடல்களில் ஸ்கிரீனில் பச்சைச் சதுரம் வரும். விரலை எடுக்காமல் முழுதாக அழுத்தினால் படம் உடனே விழும்.

பச்சைக்குப் பதில் வேறு நிறத்தில் சதுரமோ விளக்கோ மினுக்கினால் ஒன்று ஃபோகஸ் ஆகவில்லை, இல்லை வெளிச்சம் போதவில்லை. அரை மீட்டருக்குள் இருக்கும் பொருள் என்றால் பூப் படம் போட்ட மேக்ரோ பட்டனை அழுத்துங்கள். ஜூம் செய்யாமல் கேமராவையே கிட்டே கொண்டுபோக வேண்டும். வெற்றுச் சுவர் மாதிரி கோடே இல்லாத பரப்பில் ஃபோகஸ் நிற்காது. அதே தூரத்தில் ஓர் ஓரத்தைப் பிடித்துப் பாதி அழுத்தி, பிறகு திருப்பிக்கொள்ளவும்.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் ஆஃப் செய்துவிடுங்கள். வெறுமே நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, எதற்குமே ஆகாது.

படி 4: ஃபிளாஷ்

இந்த ஃபிளாஷ் எட்டுவது மூன்று, நான்கு மீட்டர்தான். ஜூம் செய்தால் இன்னும் குறையும். கல்யாண மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவரின் தலை மட்டும் வெளுக்கும், மேடை இருட்டாகவே இருக்கும். அங்கே ஃபிளாஷை அணைத்து, மெனுவில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்ற அளவு) 400-ல் வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். மேசையில் வைக்க முடிந்தால் 2 நொடி டைமர் போடுங்கள், பட்டன் அழுத்தும் அசைவு படத்தில் வராது. ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகம் கறுத்தால் நேர் எதிர்: பகலிலும் ஃபிளாஷைக் கட்டாயமாக ஆன் செய்ய வேண்டும்.

லென்ஸ் எர்ரர் வந்தால்

அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்து நன்றாகச் சார்ஜ் ஏறிய ஜோடியைப் போட்டுப் பாருங்கள். தீரவில்லை என்றால் லென்ஸ் குழாய்களின் இடுக்கில் மணல் இருக்கலாம். கடற்கரைக்குப் போய்வந்த கேமராவுக்கு இது சகஜம். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதவும். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். குழாயைக் கையால் இழுக்கவோ திருகவோ கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் ரிப்பேர் கூலியைக் கேட்டுவிட்டு, அதே விலைக்கு இன்னொரு பழைய கேமரா கிடைக்குமா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.