ஒவ்வொரு கோளின் தனித்தன்மையையும் எண்களிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி?

சனிக்கு வளையம், செவ்வாய் சிவப்பு, யுரேனஸ் படுத்துச் சுழலும். பள்ளிச் செயல்திட்டங்களில் கோள்களின் தனித்தன்மை பெரும்பாலும் இப்படி எட்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. இவற்றில் சில தனித்தன்மையே அல்ல. வளையம் வியாழன், யுரேனஸ், நெப்டியூன் மூன்றுக்கும் உண்டு. எதிர்த்திசையில் சுழல்வதாகச் சொல்லப்படும் வெள்ளிக்குத் துணையாக யுரேனஸும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு கோளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு எது தனி என்று சொல்ல முடியாது. மற்ற ஏழையும் பக்கத்தில் நிறுத்தினால்தான் தெரியும். அதனால் கோள்வாரியாகப் படிக்காமல் பண்புவாரியாகப் படியுங்கள். வேலையின் முறையே இதுதான்.

அட்டவணை

ஒரு ஏ3 தாள் அல்லது கணினியில் ஒரு விரிதாள் போதும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக எட்டுக் கோள்களையும் எழுதுங்கள். மேலே குறுக்காகப் பன்னிரண்டு நிரல்கள்: நடுக்கோட்டு விட்டம், துருவ விட்டம், நிறை, அடர்த்தி, தற்சுழற்சிக் காலம், சூரியனைச் சுற்றும் காலம், அச்சுச் சாய்வு, சராசரி வெப்பநிலை, தரை அழுத்தம், வளிமண்டலத்தின் முக்கிய வாயுக்கள், காந்த அச்சின் சாய்வு, நிலவுகளின் எண்ணிக்கை. அலகை நிரலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கட்டத்துக்குக் கட்டம் அலகு மாறினால் ஒப்பீடு கெட்டுப்போகும்.

எண்களுக்கு நாசாவின் கொடார்டு விண்வெளி மையம் பராமரிக்கும் கோள்களின் தகவல் தாள் நல்ல தொடக்கம். எட்டுக் கோள்களும் அதில் ஒரே பக்கத்தில் வருகின்றன. ஒரு நிரலை நிரப்பத் தொடங்கினால் எட்டுக் கட்டங்களையும் அதே மூலத்திலிருந்து எடுங்கள். புதனுக்கு ஒரு தளம், வெள்ளிக்கு இன்னொரு தளம் என்று எடுத்தால், ஒன்றில் நடுக்கோட்டு விட்டமும் மற்றொன்றில் சராசரி விட்டமும் வந்து விழும். சனியில் இந்த வேறுபாடு சிறியதல்ல. அதன் நடுக்கோட்டு விட்டம் 1,20,536 கி.மீ., துருவ விட்டம் 1,08,728 கி.மீ. இடையே உள்ள 11,808 கி.மீ., வெள்ளிக் கோளின் விட்டத்துக்கு (12,104 கி.மீ.) ஏறக்குறைய சமம்.

அந்தத் தாளில் வெள்ளிக்கும் யுரேனஸுக்கும் தற்சுழற்சிக் காலத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். அது அச்சுப் பிழை அல்ல, எதிர்த்திசைச் சுழற்சியின் அடையாளம். படியெடுக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள். வாயுக் கோள்களின் தரை அழுத்தக் கட்டத்தில் எண் கிடைக்காது. அவற்றுக்கு நிற்பதற்குத் தரையே இல்லை. அழுத்தம் 1 பார் (ஏறக்குறைய பூமியின் கடல்மட்டக் காற்றழுத்தம்) இருக்கும் உயரத்தைத்தான் அங்கே ஒப்பீட்டு மட்டமாகக் கொள்கிறார்கள், வெப்பநிலையும் அந்த மட்டத்துக்கே தரப்படுகிறது.

தமிழில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். புதன், வியாழன், சனி என்று தட்டினால் ராசிபலனும் கிழமையும் வந்து குவியும். ‘வெள்ளி’ என்று தேடினால் நகைக்கடை விலைகூட வரும். கோளின் பெயரோடு அங்கே போன விண்கலத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்: ‘சனி காசினி’, ‘வியாழன் ஜூனோ’, ‘புதன் மெசஞ்சர்’, ‘வெள்ளி மெகல்லன்’, ‘செவ்வாய் மங்கள்யான்’. தேவையற்றவற்றில் பெரும்பகுதி விலகிவிடும்.

நிரலை மேலிருந்து கீழே படியுங்கள்

அட்டவணை நிரம்பியதும் ஒரு நிரலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மூடிக்கொள்ளுங்கள். அச்சுச் சாய்வை எடுத்துக்கொள்வோம். பூமி 23.4°, செவ்வாய் 25.2°, சனி 26.7°, நெப்டியூன் 28.3°. நான்கும் ஒரு கூட்டம். இவற்றில் எதற்கும் சாய்வு தனித்தன்மை ஆகாது. கூட்டத்திலிருந்து விலகி நிற்பவை நான்கு: புதன் ஏறக்குறைய 0°, வியாழன் 3.1°, யுரேனஸ் 97.8°, வெள்ளி 177.4°. விலகியவற்றை வட்டமிடுங்கள். எல்லா நிரல்களிலும் இப்படிச் செய்தால் தனித்தன்மைக்கான வேட்பாளர்கள் வந்துவிடும்.

வட்டமிட்ட எண்ணுக்கு அடுத்த இடத்தில் யார் என்று கட்டாயம் பாருங்கள். வியாழனின் நிறை பூமியைப்போல் 318 மடங்கு. அடுத்த சனி 95 மடங்குதான். பெரிய இடைவெளி, உறுதியான தனித்தன்மை. புதனின் ஈர்ப்பு முடுக்கமும் செவ்வாயின் ஈர்ப்பு முடுக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே (3.7 மீ/வி²), ‘செவ்வாயில் எடை குறையும்’ என்பது உண்மை, ஆனால் செவ்வாய்க்கு மட்டும் உரியதல்ல. யுரேனஸின் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து 59° விலகியிருப்பது வியப்பானதுதான். நெப்டியூனிலும் அது 47° விலகியிருக்கிறது.

இதே நிரலில் சனியைப் பாருங்கள். காந்த அச்சும் சுழற்சி அச்சும் அங்கே ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. வளையத்தைவிட ஆழமான தனித்தன்மை இது என்பது எங்கள் கருத்து. இதன் விளைவு ஒன்றும் உண்டு. வாயுக் கோளின் உட்பகுதி எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைக் காந்தப்புலத்தின் தள்ளாட்டத்தை வைத்துத்தான் அளப்பார்கள். சனியில் தள்ளாட்டமே இல்லாததால் ஒரு நாளின் நீளம் நெடுங்காலம் உறுதிப்படாமல் கிடந்தது. கோளின் உட்புற அதிர்வுகள் வளையத்தில் எழுப்பிய அலைகளைக் காசினி தரவுகளில் ஆராய்ந்து, 10 மணி 33 நிமிடம் 38 வினாடி என்ற மதிப்பை 2019இல் வெளியிட்டார்கள். தனித்தன்மையைத் தேடும்போது அது எப்படி அளக்கப்பட்டது என்றும் தேடுங்கள். கதையின் சுவையான பாதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புதனை வைத்து ஒரு முழுக் கணக்கு

புதனின் தற்சுழற்சிக் காலம் 58.65 நாள், சூரியனைச் சுற்றும் காலம் 87.97 நாள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.5 வரும். இரண்டு முறை சூரியனைச் சுற்றுவதற்குள் மூன்று முறை தன்னைச் சுற்றிக்கொள்கிறது. எட்டில் வேறெதற்கும் இந்த 3:2 பூட்டு கிடையாது.

இனி ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையுள்ள காலத்தைக் கணக்கிடுங்கள். 1-ஐத் தற்சுழற்சிக் காலத்தால் வகுங்கள்: 0.01705. 1-ஐச் சுற்றுக்காலத்தால் வகுங்கள்: 0.01137. கழித்தால் 0.00568. அதைத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய 176 நாள். புதனின் ஒரு பகலிரவு அதன் இரண்டு ஆண்டுகள்! சில புத்தகங்களில் 59 நாள் என்றும் சிலவற்றில் 176 நாள் என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். முதலாவது விண்மீன்களை வைத்து அளந்த சுழற்சி, இரண்டாவது சூரியனை வைத்து அளந்த நாள். எதிர்த்திசையில் சுழலும் வெள்ளிக்குக் கழிக்காமல் கூட்டுங்கள்: 243.02, 224.70 என்ற எண்களிலிருந்து ஏறக்குறைய 116.75 நாள் வரும். இங்கே பலர் கழித்துவிட்டு ஆயிரக்கணக்கான நாள் என்று விடை எழுதிவிடுகிறார்கள். கழித்தல் குறியை விடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பழைய புத்தகம் கிடைத்தால் அதில் புதனின் சுழற்சி 88 நாள் என்று இருக்கலாம். தொலைநோக்கியில் நன்றாகத் தெரிந்த வேளைகளில் எல்லாம் அதன் ஒரே முகம் தெரிந்ததால், நிலவைப்போல் அதுவும் ஒரு பக்கத்தையே சூரியனுக்குக் காட்டுகிறது என்று நம்பியிருந்தார்கள். 1965இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ஆய்வகத்து ரேடார்தான் அதைத் திருத்தியது. நூலின் பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

அடர்த்தியிலும் புதன் நின்று பேசும். பூமி 5.51, புதன் 5.43 கிராம்/க.செ.மீ. முதலிடம் பூமிக்குத்தான். ஆனால் பூமி தன் எடையாலேயே உள்ளே நசுங்கியிருக்கிறது. அந்த அமுக்கத்தைக் கணக்கில் கழித்தால் புதன் முந்திவிடும். இவ்வளவு சிறிய கோளுக்கு இவ்வளவு அடர்த்தி என்றால் உள்ளே இரும்புதான் பெரும்பகுதி. அதன் உள்ளகம் ஆரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு. இதுவரை சொன்னது அளவீடு. பெரிய மோதலொன்று அதன் வெளிப்புறப் பாறை அடுக்கில் பெரும்பகுதியைப் பெயர்த்தெறிந்திருக்கலாம் என்பது கருதுகோள். குறிப்பேட்டில் இரண்டையும் வேறுவேறு மையில் எழுதுங்கள்.

குறிப்பு அட்டை

ஒவ்வொரு தனித்தன்மைக்கும் ஓர் அட்டை, அதில் ஐந்து வரி: கூற்று, எண், அடுத்த இடத்தில் உள்ள கோள், அளந்த விதமும் ஆண்டும், காரணம். செவ்வாய்க்கு இப்படி வரும்: கோள்களிலேயே உயரமான எரிமலை, ஒலிம்பஸ் மான்ஸ்; சுமார் 22 கி.மீ.; பூமியின் மவுனா கியா கடலடியிலிருந்து அளந்தாலும் சுமார் 10 கி.மீ.தான்; சுற்றுக்கலங்களின் லேசர் உயரமானி; நிலத்தட்டுகள் நகராததால் ஒரே இடத்தில் குழம்பு கொட்டிக்கொண்டே இருந்தது, ஈர்ப்பும் குறைவு. ‘கோள்களிலேயே’ என்ற சொல் முக்கியம். வெஸ்டா என்ற சிறுகோளில் இதற்கு ஈடான உயரமுள்ள மேடு இருக்கிறது.

பூமியின் அட்டையை விட்டுவிடாதீர்கள். ‘நமக்குத் தெரிந்ததுதானே’ என்று அந்த ஒன்றைத்தான் பலர் எழுதாமல் போகிறார்கள். தரையில் நிலைத்து நிற்கும் நீர்க்கடல், நகரும் நிலத்தட்டுகள், காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் என்று மூன்றிலும் பூமிக்கு இணையான கோள் இல்லை. வெள்ளியோடு ஒப்பிட்டு எழுதினால் இன்னும் தெளிவாகும். அளவில் இரட்டைப் பிறவிபோல் இருக்கும் அந்தக் கோளில் தரை 464°செ. சூட்டிலும் 92 பார் அழுத்தத்திலும் கிடக்கிறது. சூரியனுக்கு அருகில் இருக்கும் புதனைவிட அது சூடாக இருப்பதற்குக் காரணம் 96 விழுக்காட்டுக்கும் மேலான கரியமில வாயுப் போர்வை.

எங்கே பிசகும்

‘மிகக் குளிரான கோள் எது?’ என்று கேட்டால் நெப்டியூன், யுரேனஸ் என்று இரண்டு விடைகள் கிடைக்கும். தகவல் தாளின் சராசரி நெப்டியூனுக்கு −200°செ., யுரேனஸுக்கு −195°செ. மிகக் குறைந்த வெப்பநிலை என்று பார்த்தால் யுரேனஸின் வளிமண்டலத்தில் பதிவான −224°செ. கோள்களிலேயே கீழானது. நெப்டியூன் சூரியனிடமிருந்து பெறுவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தை வெளியே விடுகிறது. யுரேனஸின் உள்வெப்பமோ மிகக் குறைவு. ஆகவே எந்த அளவீடு என்று சொல்லாமல் ‘மிகக் குளிரானது’ என்று எழுதக் கூடாது.

படங்களின் நிறத்தை நம்பி எழுதாதீர்கள். நெப்டியூன் என்றதும் நினைவுக்கு வரும் அடர்நீலம், 1989இல் வாயேஜர் 2 எடுத்த படங்களில் மேகங்கள் தெளிவாகத் தெரியும்படி மாறுபாட்டைக் கூட்டியதால் வந்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2024இல் தரவுகளை மீண்டும் கணக்கிட்டபோது, யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் வெளிறிய பச்சை கலந்த நீலமே, நெப்டியூனில் நீலம் சற்றே கூடுதல் என்று தெரிந்தது. படத்தின் கீழே ‘நிறம் கூட்டப்பட்டது’, ‘பொய்நிறம்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வளையங்களைப் பற்றித் தேடும்போது தமிழ்நாட்டுப் பக்கமும் திரும்புங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த விண்மீனின் ஒளி மங்கியது பதிவானது. வானூர்தியில் பறந்தபடி வானை நோக்கிய அமெரிக்க ஆய்வகத்தின் பதிவுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பதிவு அது. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தது அந்த மறைப்பின்போதுதான்.

வானத்தில் சரிபார்த்தல்

10×50 இருகண்நோக்கியை முக்காலியில் பொருத்தினால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் தெரியும். ஒரு மணிக்கு ஒருமுறை வரைந்துகொண்டால் நகர்வும் புரியும். சிறிய தொலைநோக்கியில் 70 மடங்குக்கு மேல் போனால் வியாழனின் வட்டம் இடுப்பில் பருத்திருப்பதைக் காணலாம். பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுழற்சி முடிவதன் அடையாளம் அது. புதனைத் தேடும்போது மட்டும் சூரியன் முழுமையாக மறைந்த பிறகே கருவியைக் கண்ணில் வையுங்கள்.

நிலவுகளின் எண்ணிக்கையை எப்போதும் பென்சிலில் எழுதி, பக்கத்தில் மாதமும் ஆண்டும் குறியுங்கள். 2023 பிப்ரவரியில் 92 நிலவுகளோடு வியாழன் முன்னே இருந்தது. அதே ஆண்டு மே மாதம் சனி 145 ஆகி, பிறகு இன்னொன்று சேர்ந்து 146 ஆனது. 2025 மார்ச்சில் இன்னும் 128 சேர்ந்து 274 ஆகிவிட்டது.