வாழைத் தோப்புக்குள் போன முயல்

திருவையாறு பக்கம் எங்கள் வீடு. கொல்லைக்குப் பின்னால் வாழைத் தோப்பு, அதைத் தாண்டினால் குடமுருட்டி ஆறு. கூண்டுக் கதவின் கொக்கி கழன்று ஒரு மதியம் எங்கள் வெள்ளை முயல் வெளியே போய்விட்டது. நானும் தம்பியும் துரத்தினோம். அதுதான் தப்பு. மிரண்ட முயல் இன்னும் உள்ளே ஓடும். பயந்து உதறி உதைத்தால் முதுகெலும்பே முறியலாம்.

"சும்மா இருங்கடா, பசிச்சா வரும்" என்றார் அம்மா. சரி என்று நிறுத்தினோம். பக்கத்து வீட்டு அத்தையிடம் நாயைக் கட்டிப்போடச் சொன்னேன். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

முயல் அந்தியிலும் விடியலிலும்தான் நடமாடும். வெயில் இறங்கியதும் அது போன வழியிலேயே கூண்டைத் திறந்துவைத்து, அதன் பழைய வைக்கோல், அருகம்புல், கொத்தமல்லித் தழை எல்லாம் போட்டேன். அப்புறம் தினமும் செய்வதுபோல் தீனி டப்பாவைக் குலுக்கிவிட்டு, மண்ணில் அசையாமல் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வாழைச் சருகு சரசரத்தது. வந்து முகர்ந்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. உள்ளே நுழைந்ததும் தம்பி கீற்றுத் தட்டியால் வாசலை மறித்தான்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்பக்கத்துக்கடியில் ஒரு கை கொடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அதன் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மறுநாளே கொக்கியை மாற்றிவிட்டேன்.