நாயின் நெஞ்சறுவை: விலா இடைவெளி வழியே நுரையீரல் மடலை அகற்றும் முறை

வயிற்றறுவையில் கீறல் சற்று முன்னோ பின்னோ அமைந்துவிட்டால் அதை நீட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். நெஞ்சறுவையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு விலா இடைவெளியைத் திறந்தால் அந்தப் பக்க நெஞ்சறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கைக்கு எட்டும். ஆகவே எங்கே திறப்பது என்பதைக் கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். மூத்த அறுவை மருத்துவருக்கு உதவியாக முதன்முறை நிற்கப்போகும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்காக, இடது பின்மடலில் உள்ள ஒற்றைக் கட்டியை அகற்றுவதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறேன்.

படி 1: வழியைத் தேர்ந்தெடுத்தல்

நாயின் இடது நுரையீரலில் முன்மடல், பின்மடல் என இரண்டும், வலதில் முன், நடு, பின், துணை என நான்கும் உள்ளன. நோய் எந்த மடலில் இருக்கிறது என்பதை எக்ஸ்ரேயும், வாய்ப்பிருந்தால் சி.டி. ஸ்கேனும் காட்டிவிடும். பின்மடலுக்கு ஐந்தாவது அல்லது ஆறாவது இடைவெளி பொருந்தும். மூடாத டக்டஸ் ஆர்ட்டீரியோசஸை (பிறந்த பின் மூட வேண்டிய, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையிலான குழாய்) கட்டுவதற்கு இடது நான்காவது இடைவெளியும், உணவுக்குழாயின் பின்பகுதிக்கு எட்டாவது அல்லது ஒன்பதாவது இடைவெளியும் வழக்கம். இரண்டு இடைவெளிகளுக்கிடையே ஐயம் வந்தால் பின்னுள்ளதையே தேர்ந்தெடுங்கள். விலா எலும்புகளைப் பின்னோக்கித் தள்ளுவதைவிட முன்னோக்கித் தள்ளுவது எளிது.

சீழ் இரு பக்கமும் தேங்கியிருந்தாலோ, காற்று எந்த மடலிலிருந்து கசிகிறது என்று தெரியாவிட்டாலோ, நாயை மல்லாத்தி மார்பெலும்பை நடுவே அறுத்துத் திறப்பதே சரியான வழி. அப்போது முன்முனையிலோ பின்முனையிலோ இரண்டு மூன்று துண்டுகளைப் பிளக்காமல் விட்டால்தான் எலும்பு அசையாமல் ஆறும். ஆனால் மடலின் வேர் முதுகுப்பக்கம் ஆழத்தில் இருப்பதால், ஒரு மடலை மட்டும் எடுப்பதற்கு அந்த வழி வீண் சிரமம் என்பது என் கருத்து.

படி 2: மயக்கமும் கிடத்தலும்

நெஞ்சறை திறந்தவுடன் உள்ளிருந்த எதிரழுத்தம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) போய் நுரையீரல் சுருங்கிவிடும். எனவே மூச்சுக்குழாயில் குழாய் செருகி, வெண்டிலேட்டர் மூலமோ பையைக் கையால் அழுத்தியோ தொடர்ந்து சுவாசம் கொடுக்க வேண்டும். அதற்கென ஒருவர் முழுநேரமும் நிற்காமல் இந்த அறுவையைத் தொடங்கவே கூடாது. நாயை வலப்பக்கம் படும்படி கிடத்தி, இடப்பக்க முடியை அகலமாக மழித்துவிடுங்கள்.

படி 3: விலாவை எண்ணுதல்

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். தோலின் மேலிருந்து எண்ணியதை நம்பி நேரே உள்ளே போகக் கூடாது. தோல், அடித்தோல், தோலடித் தசை ஆகியவற்றை விலாவுக்கு இணையாகக் கீறி, விலாக்களின் மேல் படர்ந்திருக்கும் லட்டிசிமஸ் டோர்சி தசையை வெட்டியதும், அதன் அடியில் கையை முன்னோக்கிச் செலுத்தி முதல் விலாவைத் தொட்டு, அங்கிருந்து பின்னோக்கி மீண்டும் எண்ணுங்கள். எண்ணியதைச் சரிபார்க்க ஓர் அடையாளமும் உண்டு: ஸ்கேலீனஸ் தசை ஐந்தாவது விலாவில் வந்து முடிகிறது, வயிற்றின் வெளிச்சாய்வுத் தசை அதே இடத்தில் தொடங்குகிறது. இரண்டும் ஒத்துவந்த பின்னரே செர்ரேட்டஸ் வென்ட்ராலிஸ் தசையின் இழைக்கற்றைகளைப் பிரித்து இடைவெளியை அடையுங்கள்.

படி 4: நெஞ்சறையைத் திறத்தல்

ஒவ்வொரு விலாவின் பின்விளிம்பிலும் இரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடுவதால், விலா இடைத்தசைகளை இடைவெளியின் நடுவில் வெட்ட வேண்டும். நெஞ்சறையின் உட்சவ்வான புளூரா தெரிந்தவுடன் மயக்க மருத்துவரிடம் சொல்லி, மூச்சு வெளியேறிய நிலையில் ஒரு கணம் நிறுத்தச் செய்து, மூடிய கத்தரிக்கோலின் முனையால் அதைத் துளையுங்கள். காற்று உள்ளே புகுந்து நுரையீரல் விலகிய பிறகு, துளையை மேலும் கீழும் நீட்டலாம். கீழே மார்பெலும்பை ஒட்டி உள்மார்புத் தமனி செல்வதால், அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இரு ஓரங்களிலும் ஈரத்துணி வைத்து, ஃபினோச்சியெட்டோ ரிட்ராக்டரால் (விலாக்களை விலக்கிப் பிடிக்கும் கருவி) மெல்ல மெல்ல விரியுங்கள்.

படி 5: மடலை அகற்றுதல்

பின்மடலை நெஞ்சறை நடுச்சுவரோடு பிணைத்திருக்கும் மெல்லிய நுரையீரல் இணைப்புச் சவ்வை முதலில் வெட்டினால்தான் மடல் கைக்கு வரும். அதன் வேரில் மூச்சுக்குழல் கிளைக்கு மேற்புறம் தமனியும் கீழ்ப்புறம் சிரையும் உள்ளன. மடலில் இரத்தம் தேங்காதிருக்கத் தமனியை முதலில் கட்டுவது வழக்கம். இதயப் பக்கம் இரட்டைக் கட்டும் (ஒன்று குத்தித் தைத்தது) மடல் பக்கம் ஒன்றும் போட்டு நடுவில் வெட்டுங்கள். மூச்சுக்குழல் கிளையைக் கிடுக்கியிட்டு வெட்டி, முனையைத் தைத்து மூடுங்கள். ஸ்டேப்ளர் இருந்தால் வேர் முழுவதையும் ஒரே அழுத்தில் மூடலாம். வேகஸ் நரம்பும் உதரவிதான நரம்பும் பக்கத்திலேயே செல்வதை மறந்துவிடக் கூடாது.

ஆரோக்கியமான நாய், இடது நுரையீரல் முழுவதையும், அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 42 விழுக்காட்டை, இழந்தாலும் தாங்கும். மீதம் 58 விழுக்காடான வலது நுரையீரலை முழுவதும் எடுத்தால் பிழைக்காது.

படி 6: சோதனையும் மூடலும்

இளஞ்சூடான சலைனை ஊற்றி, வெட்டிய முனை அதில் மூழ்கியிருக்க நுரையீரலை ஊதச் செய்யுங்கள். குமிழி வந்தால் அங்கே மீண்டும் தைக்க வேண்டும். காற்றையும் திரவத்தையும் வெளியேற்றும் டிரெயின் குழாயை அறுவைக் கீறல் வழியாக விடாமல், பின்னால் தனித்துளையிட்டு, தோலடியில் சற்றுத் தூரம் ஓடவிட்டு உள்ளே செலுத்துங்கள். வலி தணிய, கீறலுக்கு முன்னும் பின்னும் இரண்டு இடைவெளிகள் வரை விலா நரம்புகளுக்கு அருகே பியூபிவாக்கேய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தலாம். மொத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

விலாக்களைச் சுற்றிய தையல்கள் எல்லாவற்றையும் முதலில் போட்டுவைத்துவிட்டு, உதவியாளர் இரண்டை இழுத்து விலாக்களை நெருக்கிப் பிடிக்க, மற்றவற்றை ஒவ்வொன்றாக முடியுங்கள். தசைகளை அடுக்கடுக்காகத் தைத்து முடித்ததும், குழாய் வழியே மீதிக் காற்றை உறிஞ்சி எடுங்கள். நெடுநாள் சுருங்கிக் கிடந்த மடலை அவசரமாக விரித்தால் அதில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே இதை நிதானமாகச் செய்யுங்கள். காற்று வருவது நின்று, திரவமும் ஒரு நாளில் கிலோவுக்கு 2 மில்லி லிட்டர் அளவுக்குக் குறைந்த பிறகு குழாயை எடுத்துவிடலாம். அதுவரை நாய் அதைக் கடித்து இழுக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டி, ஒருவர் கண்காணிப்பில் வைத்திருங்கள்.